ஆறுமுகம் பிள்ளைகள் பாடிய பாட்டு

(மலேசியாவின் சிரம்பானில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'தோட்டமும் இசையும்'. இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் எங்கே தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தாலாட்டில் தொடங்குவார்கள். கும்மிக்குப் போவார்கள். கங்காணியைத் திட்டிப் பாடிய பாட்டுக்கு வருவார்கள். ஒப்பாரியில் முடிப்பார்கள். அதெல்லாம் பேச வேண்டியதுதான். பேசியும் இருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது யாரும் இந்த மேடையில் பேசாத ஒன்றைப் பற்றி. காதல் பாட்டைப் பற்றி. வெள்ளைக்காரன் பேலட் என்று சொல்லும் மெதுவான காதல் பாட்டைப் பற்றி. அதிலும், ஒருவர் தனித்துப் பாடாமல், இரண்டு மூன்று பேர் குரலோடு குரல் சேர்த்துப் பாடும் பேலட்டைப் பற்றி. பயப்படாதீர்கள், ஒரு வரிகூடப் பாடிக் காட்டமாட்டேன். என் குரலைக் கேட்டவர்கள் அதற்காக எனக்கு நன்றி சொல்வார்கள்.

ரப்பர்த் தோட்டத்துக்கும் பேலட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த மாநிலத்துத் தோட்டப் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கெடிஸ் தோட்டம். பிராட்வால் தோட்டம். கிர்பி தோட்டம். ரீஜண்ட் தோட்டம். நீலாய்ப் பக்கம் கெய்ரோ தோட்டம்கூட இருந்தது, எந்தத் துரைக்கு அந்த ஆசை வந்ததோ! பகாவ் பக்கத்துக் கெடிஸ் யார்? டன்லப் டயர் கம்பெனிக்குத் தலைவராக இருந்த சர் எரிக் கெடிஸ். லண்டனில் உட்கார்ந்திருந்தவர் பெயர் இங்கே நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் பெயரானது. பெயர் வந்த வழியில் வேறு என்னென்ன வந்தன? விடியற்காலையில் ஆள் எண்ணும் பிரட்டு வந்தது. பேர் பதியும் செக்ரோல் வந்தது. வெள்ளைக்காரன் பந்து வந்தது. அவன் பாட்டு மட்டும் வராமல் போகுமா?

தோட்டத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா. நடுவில் கணக்கெழுதும் கிராணிமார் வீடு. பள்ளத்தில் தொழிலாளர் லயம். மேட்டில் கிராமபோன் சுழன்றால் தோட்டக்காரனும் சமையல்காரனும் அதைக் கேட்டார்கள். கிராணி வீட்டு ரேடியோவில் ஆங்கில நிலையம் பாடினால் நடு வரிசைப் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பேட்டரி போட்டால் போதும், லயத்து வாசலுக்கே பாட்டு வந்தது. தோட்டத்து ஜெனரேட்டரை ராத்திரி நிறுத்திவிட்டால் விளக்கு அணையும். ஆனால் டிரான்சிஸ்டர் அணையாது. இருட்டில் கேட்ட பாட்டுக்குத்தான் நம் ஆட்கள் அதிகம் மயங்கினார்கள் என்பது என் கணிப்பு.

1961 நவம்பரில் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து பாடினார்கள். அதன் பிறகு இந்த வட்டாரமே கிட்டாரைத் தூக்கிக்கொண்டது. மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' பாடினார்கள். ஊர் ஊருக்கு 'குகிரான்' என்ற கிட்டார் குழுக்கள் முளைத்தன. மலாய்க் கம்பத்தில் முளைத்தது, சீனர் கடைத்தெருவில் முளைத்தது. தோட்டத்திலும் முளைத்தது. ஆனால் தோட்டத்தில் முளைத்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் சாமி ஊர்வலம் முடிந்து, கலை நிகழ்ச்சி என்று பலகை அடுக்கி மேடை போட்டு, ஹார்மோனியத்தோடும் டோலக்கோடும் ஒரு கிட்டாரும் ஏறியதே, அது எந்த வருஷம், எந்தத் தோட்டம், வாசித்தவன் யார்? யாரிடமாவது குறிப்பு இருக்கிறதா? இதை ஞாபகம் வைத்திருங்கள். கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

குரல் சேர்த்துப் பாடும் பேலட் என்றேனே, அதற்கு இப்போது மூன்று சகோதரர்களின் கதையைச் சொல்கிறேன்.

பேரி, ராபின், மாரிஸ். கிப் குடும்பத்துப் பிள்ளைகள். பிரிட்டனை ஒட்டிய மேன் தீவில் பிறந்தவர்கள். மூத்தவர் 1946இல், இரட்டையர் இருவரும் 1949இல். அப்பா டிரம் வாசிப்பவர். மான்செஸ்டர் நகரத்தில் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளை 1958இல் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய குடும்பம். நாம் யாரும் அந்தக் கதைக்குப் புதியவர்கள் இல்லை. அங்கே ரெட்கிளிஃப் என்ற ஊரில் கார்ப் பந்தயத் திடல். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் இந்த மூன்று சிறுவர்களும் மைக்கைப் பிடித்துப் பாடுவார்கள். சனங்கள் காசை ஓடுபாதையில் வீசுவார்கள். பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். உலகத்தில் கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்ற பீ ஜீஸ் குழுவின் முதல் சம்பளம் அதுதான்.

1967இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். புகழ் வந்தது. சண்டை வந்தது. பிரிந்தார்கள். கூடினார்கள். 1970களின் நடுவில் மார்க்கெட் விழுந்து, சாப்பாட்டு மேசைகளுக்கு முன்னால் நின்று பாடும் நிலைக்கு வந்தார்கள். மறுபடி எழுந்தார்கள். 1977இல் பிரான்சு நாட்டில் ஒரு பழைய மாளிகையில் தங்கி, ஒரு திரைப்படத்துக்காகப் பாட்டுக் கட்டினார்கள். படம் 'சாட்டர்டே நைட் ஃபீவர்'. படம் முழுக்க டிஸ்கோ, ஆட்டம், பாட்டம். அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு மெதுவான பாட்டு வேண்டும். அதுதான் 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்'. உன் அன்பின் ஆழம் எவ்வளவு என்று ஒருவன் தன் காதலியைக் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். முதல் பத்துக்குள் தொடர்ந்து 17 வாரம். அதுவரை எந்தப் பாட்டும் அப்படி நின்றதில்லை. கிராமி விருதும் வந்தது. 19 ஆண்டு கழித்து, 1996இல், டேக் தட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு பிரியும் நேரத்தில் கடைசியாக வெளியிட்ட தனிப்பாட்டும் இதுதான். அதுவும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது? ஊன்றிக் கேளுங்கள். பேரி முன்னால் பாடுகிறார். காதில் ரகசியம் சொல்வதுபோலப் பாடுகிறார். ஒரு இடத்தில் தம்பிகள் இரண்டு பேரும் உள்ளே வருகிறார்கள். அண்ணன் பாடும் சுரத்தை அவர்கள் திருப்பிப் பாடவில்லை. அண்ணன் ஸ என்று நின்றால் ஒருவர் க என்று நிற்கிறார், இன்னொருவர் ப என்று நிற்கிறார். மூன்றும் ஒன்றாகக் கேட்கும்போது நம் காதுக்கு நாலாவதாக ஒரு ஆள் வந்து நின்றதுபோல இருக்கிறது. இதற்குப் பெயர் ஹார்மனி.

நம்மிடம் இது இருந்ததா? நேர்மையாகச் சொல்வோம், இல்லை. நம்மிடம் வேறு இருந்தது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் கேட்காத தோட்டத்துக் கோயில் இந்த மாநிலத்தில் உண்டா? இரண்டு பெண்கள், இரண்டு குரல். ஆனால் ஒரே சுரம், ஒரே அசைவு. இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதே சில இடங்களில் தெரியாது. அது நம் முறை, அதன் அழகு வேறு. ஆலத்தூர் சகோதரர்கள் என்று இருவர் பாடினார்களே, அவர்கள் உடன்பிறந்தவர்களே இல்லை. பாட்டு ஒன்றானதால் சகோதரர்கள் ஆனார்கள். நம் பஜனையிலும் அப்படித்தான், ஒருவர் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்வோம். ஒருவர் மேலே போக, ஒருவர் கீழே நிற்க, ஆளுக்கொரு சுரத்தில் நின்றுகொண்டே சேர்ந்திருப்பது தேவாலயத்துப் பாடற்குழு வழியாகவும் ரேடியோ வழியாகவும்தான் நம் சனங்களின் காதுக்கு வந்தது. பின்னால் இளையராஜா வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கிராமத்து மெட்டுக்குள் வைத்தபோது நம் காது ஏற்கெனவே பழகியிருந்தது.

1977 என்று சொன்னேன். அந்த ஆண்டை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தப் பீ ஜீஸ் பாட்டு வெளிவந்த அதே செப்டம்பரில்தான் சென்னையில் '16 வயதினிலே' வெளிவந்தது. அதில் சப்பாணியாக நடித்த கமல்ஹாசனுக்குப் பின்னணி பாடியது யார்? நம் மலேசியா வாசுதேவன். நம் மண்ணில் பிறந்த ஒரு குரல் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சப்பாணிக்குக் குரலானது. அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டாடினோம். சரி, கொண்டாட வேண்டியதுதான். அவர் குரலோடு 'முதல் மரியாதை' வந்தபோது அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். அதுவும் சரிதான்.

ஆனால் அதே காலத்தில் வேறு இரண்டு சகோதரர்கள் ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாட்டுப் பாடிச் சோறு தேடிக்கொண்டிருந்தார்கள். பினாங்குப் பிள்ளைகள். கறுத்த உடம்பு, கூடைபோலச் சுருண்ட தலைமுடி. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். குழுவின் பெயர் அலிகேட்ஸ். அவர்களைக் கொண்டாடினோமா?

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அலிகேட்ஸ் 1960களின் கடைசியில் பினாங்கில் தொடங்கிய குழு. ஆங்கிலத்தில் பாடி வளர்ந்தவர்கள். எழுபதுகளின் இறுதியில் தாயகம் திரும்பி மலாய்ப் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி', 'ஹிங்கா அகிர் நந்தி', 'சுவாரா கெகாசே', 'அண்டாய்ஞா அகு பெர்கி டுலு'. இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறுகிறதா இல்லையா என்று பாருங்கள். இப்போதே மாறுகிறது, இங்கிருந்து பார்க்கிறேன்! 'செஞும்லா கோலாலம்பூர்' தலைநகரத்துக்கே பாட்டானது. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் என்ற இளைஞர் இவர்களுக்கு மெட்டமைத்துக் கொடுத்தார். பின்னாளில் அவர் மலாய் இசையின் பெரும் புள்ளியானார். பாடியவர் தமிழர், மெட்டமைத்தவர் மலாய்க்காரர், கேட்டவர்கள் எல்லாரும்.

எந்தக் காலத்தில் இது நடந்தது என்று யோசியுங்கள். 1969இல் இனக் கலவரத்தில் நாடு ரத்தம் பார்த்திருந்தது. அதையொட்டிய காலத்தில் வேலை பெர்மிட் என்று ஒரு சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத நம் தோட்டத்துச் சனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போனார்கள். 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூட்டி, எது இந்த நாட்டின் பண்பாடு, எது இல்லை என்று பேசினார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் மலாய்க்கு மாறின. இந்தக் குழப்பத்துக்கு நடுவில், ஆறுமுகத்தின் பிள்ளைகள் இருவர் மைக்கின் முன் நின்று, மலாய் மொழியில், மலாய்க்காரர்களே உருகும்படி காதலைச் சொன்னார்கள். மாநாட்டில் எத்தனை நாள் பேசினாலும் தீராத ஒன்றை ஒரு பாட்டு நாலு நிமிஷத்தில் தீர்த்தது என்று நான் சொன்னால், கொஞ்சம் மிகைதான். மேடைப் பேச்சில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்ட எந்த மலாய்த் தாயும், பாடுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு ரேடியோவை நிறுத்தவில்லை. இதில் மிகை கிடையாது.

நம் தோட்டங்களில் அந்தப் பாட்டு என்ன செய்தது?

அந்தக் காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனால் நேரே முதல் படிவம் போக முடியாது. புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வேண்டும். மலாய் வராது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வருஷத்திலேயே பள்ளியை விட்டுவிட்டுப் பால் வாளியைத் தூக்கினார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மலாய் வாய்க்கு வந்தது பாடநூலிலிருந்து இல்லை, அலிகேட்ஸ் கேசட்டிலிருந்து. பாட்டாகப் பாடும்போது சொல் தடுக்காது, நாக்குக் கூச்சப்படாது. எங்கள் தோட்டத்தில் நான் பார்த்தது இது.

செனவாங்கில் தொழிற்பேட்டை வந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் காட்டு வேலைக்குப் போகாமல் பேக்டரி பஸ் ஏறினார்கள். அம்மா விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவாள், மகள் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்புவாள். தோட்டத்து வாசலில் இருவரும் எதிரெதிரே கடந்து போவார்கள். அந்தப் பஸ்ஸில் தமிழ், மலாய், சீனப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். டிரைவர் மலாய்க்காரர். அவர் போடும் கேசட்தான் பாட்டு. அலிகேட்ஸ் பாடினால் எல்லாரும் சேர்ந்து முணுமுணுப்பார்கள். நம் பெண்பிள்ளைகள் மட்டும் ஒரு தனிப் பெருமையோடு முணுமுணுப்பார்கள். 'இது நம்ம ஆளு' என்று பக்கத்து இருக்கை மலாய்த் தோழியிடம் சொல்வார்கள். ஒரு நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து வேலை செய்த பெண்ணுக்கு, இந்த நாட்டின் ரேடியோவில் 'நம்ம ஆளு' என்று சொல்லிக்கொள்ள ஒரு குரல் இருந்தது. அது சின்ன விஷயமா?

எங்கள் லயத்தில் ஒரு பாட்டி. அவருக்கு மலாய் சந்தைக்குப் போகும் அளவுக்குத்தான் தெரியும். அலிகேட்ஸ் தொலைக்காட்சியில் வந்தால் கூப்பிடச் சொல்வார். "ஆறுமுகம் புள்ளைங்க வந்துட்டாங்களாடா?" என்பார். என்னமோ அந்த ஆறுமுகம் பக்கத்துத் தோட்டத்து மண்டோர் என்பதுபோல. வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கடைசிவரை பார்ப்பார். "தலையைச் சீவக்கூடாதா இந்தப் புள்ளைங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒரு தடவைகூடப் பாதியில் எழுந்து போனதில்லை.

நம் படித்தவர்கள் என்ன செய்தார்கள்? அங்கேதான் எனக்கு வருத்தம். மலாயில் பாடுகிறான், அதனால் அவன் நம் கணக்கில் இல்லை என்றார்கள். ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டான், நைட் கிளப்பில் பாடினான் என்றார்கள். மலேசியத் தமிழர் கலை வரலாறு என்று மலர் போடுவார்கள். அதில் நாடகம் இருக்கும், பரதம் இருக்கும், சென்னையிலிருந்து வந்து போன பாடகர்களின் படம் வண்ணத்தில் இருக்கும். நான் புரட்டிய மலர்கள் எதிலும் அலிகேட்ஸுக்கு ஒரு பக்கம் இல்லை. பீ ஜீஸ் மூன்று பேரும் மியாமியில் போய்ப் பதிவு செய்தார்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை எடுத்துப் பாடினார்கள். மான்செஸ்டர்க்காரன் அவர்களைத் தன் கணக்கிலிருந்து நீக்கினானா? நீக்கவில்லை. பிள்ளை எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினாலும் பிள்ளை நம் பிள்ளைதானே!

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். சென்னையிலிருந்து நட்சத்திரங்கள் வந்தால் ஆளுயர மாலை. நம்மூர்ப் பாடகன் என்றால் அவனே ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்து, அவனே ஒயரைச் சொருகி, பாடி முடித்து, அவனே கட்டி எடுத்துப் போக வேண்டும். விருந்து முடிந்த பிறகு ஆறிப்போன பிரியாணி. நான் எந்தச் சங்கத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. குறிப்பிட்டுச் சொன்னால் இன்று எனக்கும் பிரியாணி கிடைக்காது.

2007 ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 54 வயது. 'அண்டாய்ஞா அகு பெர்கி டுலு', நான் முந்திப் போய்விட்டால் என்ற பாட்டு, அந்த வாரம் முழுக்க என் காதிலிருந்து போகவே இல்லை. நாலு ஆண்டு முன்னால், 2003 ஜனவரியில், பீ ஜீஸில் மாரிஸ் போயிருந்தார். 2012இல் ராபினும் போனார். குரல் சேர்த்துப் பாடும் குழுவுக்கு மரணம் வந்தால் அது தனிப்பாடகனின் மரணம் மாதிரி இல்லை. ஸ நிற்கும், க இருக்காது. மீதி இருப்பவர் அந்த இடைவெளியோடுதான் பாட வேண்டும். மூத்தவர் பேரி தனியாக மேடையேறினார். இங்கே டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்கவில்லை. தம்பி பாடிய இடத்தை வேறு குரல்களால் நிரப்பிக்கொண்டு தொடர்ந்து பாடினார். எத்தனை பிரிட்டிஷ் குழுக்களின் ஆயுளை நீண்ட ஆயுள் என்று புத்தகம் போட்டுப் பேசுகிறார்கள்? அரை நூற்றாண்டைத் தாண்டி நின்ற ஒரு குழு நம்மிடமும் உண்டு.

அந்தப் பாதையில் பின்னால் யாராவது வந்தார்களா? வந்தார்கள். 2004இல் முதல் மலேசியன் ஐடல் பட்டத்தை ஜக்லின் விக்டர் வென்றார். அவர் பாடிய 'கெமிலாங்' ஒரு முழு பேலட். மலாய்ப் பாட்டு. நாடே பாடியது. தமிழிலேயே எழுதி, இங்கேயே மெட்டமைத்து, சினிமாவே இல்லாமல் திலிப் வர்மன் பாடிய 'உயிரைத் தொலைத்தேன்' கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனது. அங்கே பலர் அதை ஏதோ படத்துப் பாட்டு என்றே நினைத்தார்கள். யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' வெளியிட்டு, தமிழ் ராப் என்று ஒன்று உண்டு என்று சென்னைக்கே சொன்னார்கள். இந்த வரிசையை இன்றைய பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் எனக்குச் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்த வரிசை எங்கிருந்து தொடங்குகிறது? ஹாங்காங் விடுதியில் நின்ற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தா இல்லையா?

அந்த இரண்டு பேருக்காவது இசைத்தட்டு இருக்கிறது. தோட்டத்து மேடையில் பாடியவர்களுக்கு என்ன இருக்கிறது?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பால்மரக் காடாக இருந்த இடம் சிரம்பான் இரண்டு என்று நகரமாகிவிட்டது. செண்டாயானில் வட்டச் சாலையும் பேரங்காடியும் நிற்கின்றன. லயம் இருந்த இடத்தில் யார் வீட்டுக் கார் நிற்கிறதோ தெரியாது. கோயிலை மாற்றினார்கள், பள்ளியை மாற்றினார்கள், அதற்கெல்லாம் போராடினோம், கடிதம் எழுதினோம், சில இடங்களில் வென்றோம். தோட்டத்து இசைக்குழுவுக்காக யார் கடிதம் எழுதுவது? தோட்டத்து மேடையில் கிட்டார் வாசித்த வாலிபன் இன்று எழுபது வயதில் தாமான் வீட்டு வாசலில் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தான் வாசித்தது வரலாறு என்று அவனுக்கே யாரும் சொல்லவில்லை.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, இதோ என் விண்ணப்பம். உங்கள் வீட்டு அலமாரியில், பரணில், பிஸ்கட் டின்னில் பழைய கேசட் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் எறியாதீர்கள். திருவிழா மேடையில் எடுத்த படம் இருந்தால் அதன் பின்பக்கம் எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் யார் என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கிட்டார் வாசித்தவர், டோலக் அடித்தவர் என்றாவது எழுதுங்கள். கடைசி வரிசையில் கைப்பேசி வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்தக் கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி உண்டு. தாத்தாவை உட்காரவையுங்கள். அவர் எந்தக் குழுவில் பாடினார், தமிழில் எது, மலாயில் எது, ஆங்கிலத்தில் எது, பக்கத்தில் நின்று பாடியவர் யார் என்று கேளுங்கள். அவர் பாடினால் தடுக்காதீர்கள். சுரம் தப்பினாலும் அழிக்காதீர்கள். அடுத்த ஆண்டு இதே மண்டபத்தில் கூட்டம் நடக்கும்போது என்னைப் பேசக் கூப்பிட வேண்டாம். நீங்கள் சேர்த்துக் கொண்டுவந்த அந்தக் குரல்களைப் போடுங்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.